எங்கள் மகளை எங்களிடம் சேர்த்த அனைவருக்கும் நன்றி மடல்

அன்பும் மதிப்பும் மிக்க உறவினர்களுக்கும், நண்பர்களுக்கும், உத்தியோகத்தர்களுக்கும் வணக்கம்.

ஹட்டனுக்கு அருகே நான் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்தின் மாரியம்மன் கோயிலில் நேர்த்திக்கடனைச் செலுத்தி முடித்த கையோடு இந்த மடலை எழுதுகிறேன். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வாழும் நானும் என் கணவரும் இலங்கையில் பிறந்த பிள்ளை ஒன்றைத் தத்தெடுக்க 2018ஆம் ஆண்டில் விண்ணப்பித்தோம். நீதிமன்றக் கட்டளை கிடைத்தது 2022ஆம் ஆண்டின் இறுதியில். அந்த இடைக்காலத்தில் எங்களைத் தாங்கிய ஒவ்வொருவருக்கும் நேரில் வந்து நன்றி சொல்ல முயன்றோம். சொல்ல முடியாமற்போனவர்கள் பலர் என்பதால் இதனை எல்லோரும் அறிய எழுதுகிறேன். பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். அதற்கான காரணம் இறுதியில் விளங்கும்.

முதல் நன்றி என் அம்மாவுக்கு. விண்ணப்பித்துப் பல மாதங்களாக எந்தப் பதிலும் வராதிருந்த வேளையில், தத்தெடுப்புக்குப் பொறுப்பான நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் பக்கமே போகாமல் ஒரு குழந்தையை ஏற்பாடு செய்து தருவதாகவும், பிறப்புச் சான்றிதழைக்கூட எங்கள் பெயரிலேயே எடுத்துவிடலாம் என்றும் தரகர் ஒருவர் சொல்லியனுப்பினார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்துக்கூடை சுமந்து எங்களை வளர்த்தவர் அம்மா. அவர் அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு, “காசு குடுத்து வாங்குறதுக்குப் புள்ள என்ன சாமானா? சாமி குடுக்கணும், சட்டம் குடுக்கணும், பெத்தவ மனசாரக் குடுக்கணும்” என்றார். அன்று மாலையே மஞ்சள் துணியில் ஒரு நாணயத்தை முடிந்து சாமி படத்தின் முன் வைத்தார். அந்த முடிச்சைக் கடந்த வாரம்தான் அவிழ்த்தோம்.

அம்மாவின் அந்தச் சொல்லில் எவ்வளவு நீதி இருந்தது என்பது வாசிக்க வாசிக்கத்தான் எனக்கு முழுமையாக விளங்கியது. 1980களை மையமாகக் கொண்ட காலத்தில் இலங்கையிலிருந்து ஏறத்தாழ 11,000 பிள்ளைகள் ஐரோப்பியக் குடும்பங்களுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. அவர்களில் பலருடைய ஆவணங்கள் பொய்யானவை. பெற்ற தாயின் இடத்தில் கூலிக்கு அமர்த்தப்பட்ட வேறொரு பெண் நிறுத்தப்பட்டதும் நடந்திருக்கிறது. பிள்ளைகளைப் பெற்று விற்பதற்கென்றே இடங்கள் இயங்கியதை 2017ஆம் ஆண்டில் அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன நெதர்லாந்துத் தொலைக்காட்சியிடம் ஒப்புக்கொண்டார். 2020 டிசம்பரில் சுவிட்சர்லாந்து அரசு தன் பங்குக்கு வருத்தம் தெரிவித்தது. 2021 பெப்ரவரியில் நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தெடுப்பையே இடைநிறுத்தியது. அன்று கொண்டுபோகப்பட்டவர்கள் இன்று நடுத்தர வயதை எட்டியும் தாயைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். 1941ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம் 1992இல் திருத்தப்பட்டு, வெளிநாட்டு விண்ணப்பதாரருக்கு எந்தப் பிள்ளை என்பதை நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்பு ஆணையாளரே தீர்மானிக்க வேண்டும் என்று ஆனது இத்தகைய கொடுமைகள் நடந்த பின்னரே.

ஆகவே, பத்தரமுல்லையில் உள்ள திணைக்களத்தின் உத்தியோகத்தர்களுக்கு, அவர்கள் எங்களைக் காக்க வைத்ததற்கும் சேர்த்தே நன்றி சொல்கிறேன். உள்நாட்டில் ஒரு குடும்பம் கிடைக்குமா என்று தேடிப் பார்த்த பிறகே பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்பது நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்பு பற்றிய 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையின் அடிப்படை. அந்த ஒழுங்கை எங்களுக்காக அவர்கள் ஓர் அங்குலமும் வளைக்கவில்லை. ஆரம்பத்தில் “சீக்கிரம் தா, தாயே” என்று வேண்டிய நான், போகப்போக “யாருடைய கண்ணீரையும் மிதிக்காமல் வரட்டும்” என்று வேண்டத் தொடங்கினேன். வேண்டுதல் அப்படி மாறிய பிறகு காத்திருப்பது எளிதாகிவிடவில்லை. ஆனால் எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதில் ஐயம் வரவில்லை.

சிறுவர் இல்லம் ஒன்றின் பொறுப்பாளரான அருட்சகோதரியை இங்கே நினைக்கிறேன். ஊருக்கு வந்திருந்தபோது, பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்ற ஆசையில் அவரிடம் அனுமதி கேட்டோம். “திணைக்களத்தின் கடிதத்தோடு வாருங்கள், வாசல்வரை வந்து வரவேற்கிறேன், அது இல்லாமல் உள்ளே விட எனக்கு மனம் வராது” என்றார். சம்மதங்கள் முறையாகப் பெறப்படும் முன்னர் தத்தெடுக்க விரும்புவோர் பெற்றோரோடும் பராமரிப்பாளரோடும் தொடர்புகொள்ளலாகாது என்பது அந்த உடன்படிக்கையின் 29ஆம் பிரிவு. அன்று அந்தப் படலையடியில் நின்று அழுதேன். வேறொரு மதத்தைச் சேர்ந்த எனக்காக அன்றிரவு தாம் செபமாலை சொன்னதாக அவர் பின்னர் தெரிவித்தார். சட்டத்தையும் செபத்தையும் ஒரே மனத்தோடு கடைப்பிடித்த அந்த அம்மையாரைப் போன்றவர்கள் அந்த 1980களிலும் எல்லா வாசலிலும் நின்றிருந்தால் எத்தனையோ தாய்மார் பிள்ளைகளை இழந்திருக்க மாட்டார்கள்.

பிள்ளை ஒதுக்கப்பட்டதாகக் கடிதம் வந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. பெற்ற தாயின் பெயர் பிறப்புப் பதிவில் ஒருவிதமாகவும், தேசிய அடையாள அட்டையில் இன்னொருவிதமாகவும், தோட்டத்துச் செக்ரோலில், அதாவது தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில், மூன்றாவது விதமாகவும் இருந்தது. தமிழ்ப் பெயரைக் காதால் கேட்டு வேறு மொழியில் எழுதியதால் நேர்ந்த இந்த வேறுபாடு மலையகத்தில் எத்தனை குடும்பங்களை அலைக்கழித்திருக்கிறது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட என் தாத்தா, ஒரு காகிதம் இல்லாத காரணத்தால் கடைசிவரை எந்த நாட்டுக்கும் உரியவராகாமலே கண்ணை மூடினார். இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் 2003ஆம் ஆண்டின் சட்டம் வந்தபோது அவர் இல்லை. அந்த வீட்டில் வளர்ந்த எனக்கு, ஒரு பிள்ளையின் முதல் காகிதம் பிழையில்லாமல் இருக்க வேண்டும் என்பது சின்ன விடயமாகத் தோன்றவில்லை.

அந்தப் பிழை தீர்ந்தது பலருடைய பொறுமையால். பழைய பதிவேட்டைத் தேடியெடுத்துத் தந்த தோட்ட வைத்தியசாலையின் மருத்துவிச்சி அம்மா, மூன்று பெயரும் ஒருவருக்கே உரியவை என்று உறுதிப்படுத்திய கிராம உத்தியோகத்தர், செக்ரோலின் பழைய பக்கங்களைப் பிரதியெடுத்துத் தந்த தோட்டக் கிளாக்கர், பிரதேச செயலகத்தில் மேசை மேசையாக எங்கள் கோப்பைத் தூக்கிக்கொண்டு நடந்த இளம் தங்கை, சிங்களத்திலிருந்தும் தமிழிலிருந்தும் ஆங்கிலத்துக்கு ஒவ்வொரு வரியையும் மொழிபெயர்த்துவிட்டு அரைவாசிக் கட்டணத்தைத் திருப்பித் தந்த கண்டியைச் சேர்ந்த சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஐயா ஆகியோரை நாங்கள் உயிருள்ளவரை மறவோம்.

கொவிட் காலத்தைப் பற்றி அதிகம் எழுதவில்லை. எல்லோரும் பட்டதுதான் அது. 2020 மார்ச்சில் மூடப்பட்ட விமான நிலையம் 2021 ஜனவரியில்தான் திறந்தது. அதற்குள் எங்கள் குடும்ப மதிப்பீட்டு அறிக்கை, மருத்துவ அறிக்கை, பொலிஸ் சான்று எல்லாம் காலாவதியாகிவிட்டன. அவற்றை மீண்டும் தயாரிக்க ஓய்வு நாளிலும் எங்களோடு உட்கார்ந்த ஒன்ராறியோ சமூகப் பணியாளருக்கும், “இன்னும் வரவில்லையா?” என்று ஒருபோதும் கேட்காத ரொறன்ரோ நண்பர்களுக்கும் நன்றி.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி வேறு விதமான சோதனை. நாங்கள் வந்திறங்கிய வேளையில் முச்சக்கரவண்டிக்கு வாரத்துக்கு 5 லீற்றர் பெற்றோல் என்று பங்கிட்டுக் கொடுத்தார்கள். நீதிமன்றத் தவணைக்கு முன்தினம் மண் சரிந்து கினிகத்தேனைப் பக்கம் பாதை தடைப்பட்டது. பக்கத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கும் முச்சக்கரவண்டிக்காரத் தம்பி, தன் பிழைப்புக்கென்று சேமித்து வைத்திருந்த எரிபொருளைப் போட்டு எங்களை ஹட்டன் ரயில் நிலையத்தில் சேர்த்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். அதே மாதத்தில் அம்மாவின் மலையில் வேலை செய்யும் பெண்கள், மாவும் சீனியும் எட்டாத விலைக்குப் போயிருந்த நேரத்தில், ஆளுக்கு ஒரு நாள் வேலைக்கான 1,000 ரூபா சம்பளத்தைக் கோயிலில் கொடுத்து எங்களுக்காகப் பூசை செய்வித்திருக்கிறார்கள். அக்காமாரே, அந்தச் செய்தியைக் கேட்டபோது நான் கொழும்பில் இருந்தேன். நீங்கள் கொடுத்ததற்கு ஈடாக எங்களிடம் எதுவும் இல்லை.

கொழும்பில் எங்களுக்காகத் தோன்றிய சட்டத்தரணி அம்மையாருக்கும், எங்கள் பதற்றத்தைப் புரிந்துகொண்டு கேள்விகளைத் தமிழில் விளக்கிய நீதிமன்ற மொழிபெயர்ப்பாளருக்கும் நன்றி. விசாரணை மூடிய கதவுக்குள் நடந்தது. அங்கே பேசப்பட்டவை அங்கேயே இருக்கட்டும். எங்கள் மகளைப் பெற்றவரைப் பற்றி ஒரு சொல்லும் எழுத எனக்கு உரிமையில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எங்கள் வீட்டில் விளக்கேற்றும்போது அவருக்காகவும் வேண்டிக்கொள்கிறோம் என்பதை மட்டும், எந்த வழியிலாவது இது அவர் காதுக்கு எட்டினால் அவர் அறிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மகளின் நலன் பற்றிய முன்னேற்ற அறிக்கைகளைத் திணைக்களத்துக்கு நாங்கள் தொடர்ந்து அனுப்பி வருகிறோம். அவளுடைய ஆவணங்கள் அனைத்தையும், திருத்தப்படாத பழைய பிரதிகள் உட்பட, ஒரு பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறோம். அவள் கேட்கும் நாளில் அவை அவளிடம் ஒப்படைக்கப்படும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். மகிழ்ச்சியில் எடுத்த படங்களைச் சிலர் பகிர்ந்து வருகிறீர்கள் என்று அறிகிறேன். அன்பினால் செய்வது என்பது தெரியும். ஆயினும் அவளுடைய படத்தையும், அவள் பிறந்த தோட்டத்தின் பெயரையும், பெற்றவரை அடையாளம் காட்டக்கூடிய எந்தத் தகவலையும் தயவுசெய்து பகிர வேண்டாம். ஏற்கெனவே பகிர்ந்தவற்றை நீக்கிவிடுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

என்றும் உங்களுக்குக் கடமைப்பட்ட,
ஒரு தாய்