மலை உச்சிகளைப் பிடிக்கப் புறப்பட்டிருக்கும் மகனுக்கு

கர்த்தருக்குள் அன்பான மகனுக்கு, அம்மா எழுதுவது.

உன் நீண்ட கடிதம் கிடைத்தது. அமெரிக்காவில் நீ சேர்ந்திருக்கும் வாலிபர் இயக்கத்தில் முழுநேர ஊழியத்துக்கு அழைப்புப் பெற்றிருப்பதாகவும், அதற்காக வேலையை ராஜினாமா செய்யப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். திரைப்படம், ஊடகம், பல்கலைக்கழகம், அரசியல் ஆகியவற்றின் உச்சிகளில் விசுவாசிகளான இளைஞர்களை அமர்த்தி, ஒரே தலைமுறையில் அந்த நாட்டின் கலாச்சாரத்தையே மாற்றிவிட வேண்டும் என்பது அவர்களுடைய தரிசனம் என்றும் எழுதியிருக்கிறாய். அப்பா இரண்டு முறை வாசித்துவிட்டு, "இதற்கு நீயே பதில் எழுது" என்று என்னிடம் கொடுத்துவிட்டார். உன் அழைப்பை நான் சந்தேகிக்கவில்லை. வாலிபர் முகாம் ஒன்றில் முழங்கால் படியிட்டு வாழ்க்கையை ஒப்புக்கொடுத்தவள்தான் நானும். அந்த இரவில் எனக்கு நடந்தது உண்மை என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் அந்த இயக்கம் கலாச்சாரத்தை மாற்றப் புறப்பட்டிருக்கும் வழி சரியான வழி இல்லை என்பது என் தீர்மானமான எண்ணம். அதை உன்னிடம் சொல்லாமல் ஜெபத்தில் மட்டும் சொல்லிக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை.

நீ குறிப்பிடும் ஏழு மலைகளின் கதை எனக்குத் தெரியும். 1951-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பல்கலைக்கழக மாணவர்களுக்காகக் கேம்பஸ் குருசேடைத் தொடங்கிய பில் பிரைட்டும், 1960-இல் யூத் வித் எ மிஷன் என்ற வாலிபர் மிஷனெரி இயக்கத்தைத் தொடங்கிய லோரன் கன்னிங்ஹாமும் 1975-இல் சந்தித்தபோது, சமுதாயத்தை உருவாக்கும் துறைகள் என்று இருவரிடமும் ஏறக்குறைய ஒரே பட்டியல் இருந்தது என்பார்கள்: குடும்பம், சபை, கல்வி, அரசு, ஊடகம், கலை, வணிகம். அந்தந்தத் துறையில் கிறிஸ்தவ இளைஞர்கள் உண்மையாய் உழைக்க வேண்டும் என்ற அளவில் அதில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. 2000-க்குப் பிறகு லான்ஸ் வால்நாவ் போன்ற அமெரிக்கப் பிரசங்கிமார் இந்தத் துறைகளை மலைகளாகவும், அவற்றின் உச்சியைக் கைப்பற்றுவதே விசுவாசிகளின் கடமையாகவும் பேசத் தொடங்கியபோதுதான் காரியம் திசைமாறியது. மேலே உட்கார்ந்திருக்கும் சிலர்தான் கலாச்சாரத்தைச் செய்கிறார்கள், அந்த நாற்காலிகள் நம் கைக்கு வந்தால் கீழே எல்லாம் தானாகச் சீராகிவிடும் என்ற எண்ணம் இதற்கு அடியில் இருக்கிறது. சுவிசேஷத்தில் உலகத்தின் சகல ராஜ்யங்களையும் மிகவும் உயர்ந்த மலையின்மேலிருந்து காட்டி, இவற்றையெல்லாம் தருகிறேன் என்று இயேசுவிடம் சொன்னது சாத்தான் என்பதை உனக்கு ஞாயிறு பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆண்டவர் அந்த மலையிலிருந்து வெறுங்கையோடு இறங்கினார். பிறகு மீன்பிடிக்கிறவர்களைத் தேடிப் போனார்.

உச்சியைப் பிடிக்க வேண்டும் என்று தொடங்கினால் அங்கே ஏற்கெனவே இருப்பவர் எதிரியாகிவிடுவார். இதை ஊகமாகச் சொல்லவில்லை. ரான் லூஸ் 1986-இல் தொடங்கிய டீன் மேனியா என்ற இயக்கம், பதின்வயதுப் பிள்ளைகளின் கலாச்சாரத்தை மீட்பதற்கென்று 'பேட்டில் கிரை' என்ற பெயரில், அதாவது போர் முழக்கமாகவே, பெரிய கூட்டங்களை நடத்தியது. 2006 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவின் பேஸ்பால் மைதானத்தில் 20,000-க்கும் மேற்பட்ட இளைஞர்கள் கூடினார்கள். கூட்டத்துக்கு முன்பு அவர்களில் ஒரு பகுதியினர் நகர மன்றக் கட்டடத்தின் படிகளில் நின்றார்கள். 2004-இல் ஒருபால் இணைகள் பலர் திருமணம் செய்துகொண்ட இடம் அது. நகர நிர்வாகக் குழு அந்தக் கூட்டத்தைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. அந்தப் படிகளில் ஒரு பக்கம் நம் பிள்ளைகள் கைகளை உயர்த்திப் பாட, மறுபக்கம் ஊர்க்காரர்கள் அவர்களைப் பார்த்துக் கூச்சலிட்டதை எண்ணிப் பார். அந்த வார முடிவில் எந்த இளைஞனாவது அந்த ஊரைச் சேர்ந்த ஒருவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பானா? அந்த ஊர் மாறவில்லை. அந்த இயக்கமோ 2015-இல் கடனில் மூழ்கி மூடப்பட்டது.

இதற்கு முந்திய எழுப்புதல்களையும் பார். 1972 ஜூனில் டல்லஸில் கேம்பஸ் குருசேட் நடத்திய எக்ஸ்ப்ளோ மாநாட்டில் ஏறக்குறைய 80,000 பேர் ஒரு வாரம் தங்கி, பில்லி கிரகாமின் பிரசங்கத்தைக் கேட்டார்கள். கடைசி நாளில் ஜானி கேஷும் லாரி நார்மனும் பாடினார்கள். கலிபோர்னியாவின் ஹிப்பி இளைஞர்களிடையே பற்றிக்கொண்ட எழுப்புதல் தீ அங்கே கொழுந்துவிட்டு எரிந்தது. அதன் பலனாக எது மாறியது என்று கேட்டால், அமெரிக்காவைவிட அதிகமாகச் சபைதான் மாறியது என்பேன். கிட்டாரும் டிரம்ஸும் ஆராதனைக்குள் வந்தன. அங்கிருந்து நம் சபைகளுக்கும் வந்துவிட்டன. பிறகு கிறிஸ்தவ வானொலி, கிறிஸ்தவ இசைத்தட்டு, கிறிஸ்தவச் சட்டை, கைவளையம் என்று தனிச் சந்தை ஒன்று உருவானது. வெளியே இருக்கிற உலகத்தை மாற்றப் போனவர்கள், வெளியே போகத் தேவையில்லாத ஓர் உலகத்தைத் தங்களுக்கென்று கட்டிக்கொண்டார்கள். அந்தப் பாடல்களால் நானும் ஆறுதல் பெற்றிருக்கிறேன், அவற்றைக் குறைத்துப் பேசவில்லை.

உண்மையிலேயே உலகக் கலாச்சாரத்துக்குள் போய்ச் சேர்ந்த ஒரு கிறிஸ்தவ வாலிபர் இயக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். விளையாட்டுகளை உருவாக்கும் உன் தொழிலுக்கும் அது நெருக்கமானது. 1891 டிசம்பரில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. என்ற வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில், குளிர்காலத்தில் வெளியே விளையாட முடியாமல் பொறுமையிழந்த 18 வாலிபர்களை ஜேம்ஸ் நெய்ஸ்மித்திடம் ஒப்படைத்தார்கள். மான்ட்ரியாலில் இறையியல் படித்துவிட்டு, பிரசங்க பீடத்துக்குப் போகாமல் உடற்பயிற்சி ஆசிரியராக வந்தவர் அவர். அது அவருடைய சொந்தக் குடும்பத்திலேயே வருத்தத்தை உண்டாக்கியது. கூடத்துக்குள் கால்பந்தும் ரக்பியும் ஆடவிட்டால் எலும்பு முறியும். முரட்டுத்தனம் எங்கே தொடங்குகிறது என்று அவர் யோசித்தார். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் ஓடுவதால்தான் மற்றவன் அவனைக் கீழே தள்ள வேண்டியிருக்கிறது. பந்தோடு ஓடக் கூடாது என்று விதித்தால் தள்ளுவதற்கே அவசியம் இருக்காது. இலக்கைத் தலைக்கு மேலே வைத்தால் பலத்தோடு எறிவதைவிட நிதானமாக எறிவதே பலன் தரும். பள்ளியின் பராமரிப்பாளரிடம் பெட்டி கேட்டார்; அவர் பீச் பழக் கூடைகள் இரண்டைக் கொண்டுவந்தார். அவற்றை மேல்மாடக் கைப்பிடியில், பத்தடி உயரத்தில் ஆணியடித்து, 13 விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினார். அதுதான் கூடைப்பந்து. அது ஒய்.எம்.சி.ஏ.க்களின் வழியாகவே தேசம் தேசமாகப் பரவியது. 1920-இல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியும் அதே இயக்கத்தின் கிளைதான்.

பக்கத்தில் இருப்பவனைத் தள்ளிவிடாதே என்பதை அந்த மனிதர் பிரசங்கமாகச் சொல்லாமல், விளையாட்டின் விதியாகவே எழுதி வைத்தார். அவருடைய விசுவாசத்தை அறியாத கோடிக்கணக்கானவர்கள் இன்றும் அதற்குக் கீழ்ப்படிந்து விளையாடுகிறார்கள். அவர் எந்த உச்சியையும் பிடிக்கவில்லை. தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அந்த 18 பேரை நேசித்து, அவர்களுடைய பிரச்சினையைப் பொறுமையாக ஆராய்ந்தார்.

நீ கணினி விளையாட்டுகளை உருவாக்கும் நிறுவனத்தில் வேலை செய்கிறாய். சிறுவர்கள் என்ன கிடைக்கும் என்றே தெரியாமல் மறுபடி மறுபடி காசு கட்டித் திறக்கும் லூட் பாக்ஸை உங்கள் விளையாட்டில் சேர்க்கக் கூடாது என்று நீ கூட்டத்தில் எழுந்து பேசியதையும், கடவுள் நம்பிக்கையே இல்லாத உன் சக ஊழியர் ஒருவர் உன் பக்கம் நின்றதையும் நீயே எனக்கு எழுதினாய். கலாச்சாரம் அந்த மேஜையில்தான் செய்யப்படுகிறது, மகனே. அந்த மேஜையை விட்டு எழுந்துபோய், கலாச்சாரத்தை மாற்றுவது எப்படி என்று மேடையில் பேசும் வேலையை ஏற்கப் போகிறாயா?

இன்னொரு கவலையும் இருக்கிறது; தாய் என்ற முறையில் இதுவே எனக்குப் பெரிது. இத்தகைய இயக்கங்கள் வாலிபர்களின் வைராக்கியத்தை வாங்கிக்கொள்கின்றன, பிற்பாடு அவர்களைத் தாங்கும் பொறுப்பைப் பெரும்பாலும் எடுத்துக்கொள்வதில்லை. 1994-இல் வாஷிங்டன் புல்வெளியில், திருமணம்வரை தூய்மை காப்போம் என்று இளைஞர்கள் கையெழுத்திட்ட அட்டைகள் 2 லட்சத்துக்கும் மேல் நடப்பட்டன. தூய்மையைக் குறித்து எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த அட்டையில் கையெழுத்துப் போட்டுப் பிறகு தவறிய பெண்பிள்ளை யாரிடம் போய் அழுதாள்? அதே காலத்தில் இருபத்தொன்று வயதில் டேட்டிங்கையே கைவிடச் சொல்லிப் புத்தகம் எழுதிய ஜோஷுவா ஹாரிஸ், 2018-இல் அது பலரைக் காயப்படுத்தியதை ஒப்புக்கொண்டு அதன் வெளியீட்டை நிறுத்தச் செய்தார். அடுத்த ஆண்டு தாம் கிறிஸ்தவர் அல்ல என்றே அறிவித்தார். அவருக்காக நான் இன்றும் ஜெபிக்கிறேன். இருபத்தொன்று வயதுப் பிள்ளையின் தோளில் ஒரு தலைமுறையை ஏற்றிவைத்த பெரியவர்களிடம்தான் எனக்குக் கோபம். உன் இயக்கத்திலும் சம்பளம் கிடையாது, நண்பர்களிடமும் சபைகளிடமும் ஆதரவு திரட்டித்தான் ஊழியர்கள் வாழ வேண்டும் என்கிறாய். விசுவாசத்தில் வாழ்வது நல்லது. ஆனால் நாற்பது வயதில், பிள்ளைகளோடு, உன் ஆதரவாளர்கள் குறைந்துபோனால் அந்த இயக்கம் உனக்கு என்ன செய்யும் என்பதை இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்.

பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய நிருபத்தை நிதானமாக வாசித்துப் பார். வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்றுதான் அதில் இருக்கிறது.

ராஜினாமாக் கடிதத்தை அனுப்புமுன் எனக்காக இரண்டு காரியங்களைச் செய். அந்த இயக்கத்தில் பத்து ஆண்டுகளுக்கு முன் முழுநேர ஊழியத்துக்கு வந்து, பிறகு விலகியவர்கள் சிலரைத் தேடிப் பேசு. மேடையில் சாட்சி சொல்கிறவர்களிடம் மட்டும் கேட்டால் போதாது. அடுத்து, கலாச்சாரத்தை வெல்வதைப் பற்றி அவர்கள் உனக்குக் கொடுத்திருக்கும் அந்தக் கையேட்டை, உன் பக்கம் நின்ற அந்தச் சக ஊழியர் முன்னால் ஒரு வரியும் விடாமல் சத்தமாக வாசித்துக் காட்டு. அவரை என்னவாக அது சொல்கிறது என்பது அப்போது உன் காதிலேயே விழும். அவர் என்ன பதில் சொன்னார் என்பதை எனக்கு மறைக்காமல் எழுது. அதற்குப் பிறகும் உன் அழைப்பு மாறாமல் இருந்தால், அப்பாவும் நானும் உன்னோடு உட்கார்ந்து பேசத் தயாராக இருக்கிறோம்.

கிறிஸ்துவின் அன்பில்,
உன் அம்மா