கிளாரினெட்டுக்கு வாராவாரம் எண்ணெய் போடச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இசைக்கருவிகளைப் பராமரிப்பது பற்றி உங்கள் நாளிதழில் வந்த குறிப்பில், மரக் கிளாரினெட்டுக்கு வாரம் ஒருமுறை எண்ணெய் போட்டுவந்தால் விரிசலே விடாது என்று ஒரு வரி இருந்தது. அந்த வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். கிளாரினெட் பழுதுபார்ப்பது என் தொழில். எண்ணெய் போதாமல் கெட்டுப்போன கருவிகளைவிட, எண்ணெய் அதிகமாகிக் கெட்டுப்போன கருவிகள்தான் என்னிடம் அதிகம் வருகின்றன. அதனால் தயவுசெய்து அந்த வரியைத் திருத்தி மறுபடி வெளியிடுங்கள்.

முதலில், கையில் இருப்பது மரம்தானா என்று பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களின் கிளாரினெட்டுகளில் நிறைய ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் செய்தவை, சிலவற்றில் மரம் என்றே தோன்றும்படி வெளிப்பக்கம் கோடுகூட போட்டிருப்பார்கள். கருவியின் ஒரு துண்டைக் கழற்றி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பாருங்கள். மரமென்றால் மெல்லிய ரேகைகள் நீளவாக்கில் ஓடும், பிளாஸ்டிக் என்றால் ஒரே வழவழப்பு. பிளாஸ்டிக்குக்கு எண்ணெயால் எந்தப் பயனும் இல்லை.

சரி, மரம்தான் என்று வைத்துக்கொள்வோம். இன்றைய கிளாரினெட்டுகள் பெரும்பாலும் ஆப்பிரிக்கக் கருமரத்தில் செய்யப்படுகின்றன, கிரெனடில்லா என்று சொல்வோமே, அது. தான்சானியா, மொசாம்பிக் பக்கம் வளர்கிற மரம், தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும், அவ்வளவு அடர்த்தி. அந்த அடர்த்திக்குள் எண்ணெய் ஆழமாக இறங்காது, மேலாக ஒரு படலமாகத்தான் நிற்கும். 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் நூரம்பெர்க்கில், கிளாரினெட்டை உருவாக்கியவராகச் சொல்லப்படுகிற டென்னர் காலத்துக் கிளாரினெட்டுகளைப் பாக்ஸ்வுட் மரத்தில் செய்தார்கள், அது வெளிர் மஞ்சள் நிற மரம், ஈரம் பட்டால் கோணி வளைந்துவிடும், அதற்கு அடிக்கடி எண்ணெய் தேவைப்பட்டது. மரம் மாறிய பிறகும் அந்தப் பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

விரிசல் ஏன் வருகிறது என்று தெரிந்தால் எண்ணெய்க்கு இதில் எவ்வளவு சின்ன வேலை என்பது புரிந்துவிடும். வாசிக்கும்போது நம் மூச்சு சூடாகவும் ஈரமாகவும் கருவியின் நடுவே நீளமாக ஓடுகிற துளைக்குள் போகிறது, உள்பக்கத்து மரம் அந்த ஈரத்தை வாங்கி மழைக்காலத்துக் கதவு மாதிரி உப்பப் பார்க்கிறது, வெளிப்பக்கமோ ஏசி அறையில் குளிர்ந்தும் காய்ந்தும் கிடக்கிறது, உள்ளே தள்ள வெளியே இடம் கொடுக்காமல் இழுக்க, எங்கே பலம் குறைவோ அங்கே பிளந்துகொள்கிறது. வாய்க்குப் பக்கத்தில் இருப்பதால், ஊதுகிற முனையை அடுத்த குட்டை உருளையான பேரலும் அதற்கடுத்த மேல் துண்டும்தான் முதலில் அடிபடும். மேல் துண்டில் டிரில் கீகளுக்கான, அதாவது இரண்டு சுரங்களை வேகமாக மாற்றி மாற்றி வாசிக்க உதவுகிற உலோகக் கீகளுக்கான துளைகள் இருக்கிற இடத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள், கீ தண்டுகளைத் தாங்குகிற குட்டித் தூண்களும் அங்கேயே மரத்துக்குள் திருகியிருக்கும், நடுவில் மிச்சமிருக்கிற மரம் கொஞ்சம்தான். அங்கே விழுகிற விரிசல் தொடக்கத்தில் தலைமுடி அளவுதான் இருக்கும், கருவியைச் சாய்த்துச் சாய்த்து விளக்குக்கு நேரே திருப்பினால்தான் கண்ணில் படும்.

ஆகவே பார்க்க வேண்டியது ஈரத்தைத்தான். வாசித்து முடித்ததும், நடுவில் ஓய்வு கிடைக்கும்போதும், கயிறு கட்டிய துணியைத் துளைக்குள் விட்டு இழுங்கள். இழுக்குமுன் துணி சுருண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேல் துண்டில், சுரத்தை மேலே தாவச் செய்கிற ரெஜிஸ்டர் கீயின் குட்டிக் குழாய் துளைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும், முடிச்சு விழுந்த துணி அதில் மாட்டினால் லேசில் வராது. மாட்டிவிட்டால் வந்த வழியே திரும்ப இழுத்துப் பாருங்கள், குச்சியை விட்டுக் குத்தாதீர்கள். துணி இழுத்ததோடு வேலை முடிந்தது என்று பலரும் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். துண்டுகள் ஒன்றோடொன்று செருகுகிற முனைகளிலும் குழிகளிலும் தண்ணீர் தேங்கி நிற்கும், அங்கேதான் மரத்தின் வெட்டுமுனை திறந்திருக்கிறது, ஈரத்தை அதிகமாகக் குடிப்பதும் அந்த முனைதான். அதை விரலால் துணியைச் சுற்றித் துடைக்க வேண்டும். இந்த ஒரு வேலையை ஒழுங்காகச் செய்கிறவர்களின் கருவி வருடக்கணக்கில் நன்றாக இருப்பதைப் பார்க்கிறேன்.

புதுக் கருவி என்றால் முதல் சில வாரங்கள் ஒரு நாளைக்கு 15, 20 நிமிடம் வாசித்தால் போதும், அப்புறம் மெதுவாகக் கூட்டிக்கொள்ளலாம். குளிர்ந்து கிடக்கிற கருவிக்குள் எடுத்தவுடன் ஊதாமல், மேல் துண்டைக் கையிலோ அக்குளிலோ கொஞ்ச நேரம் வைத்துச் சூடேற்றிக்கொள்ளுங்கள். வைக்கிற இடத்தில் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, பெட்டிக்குள் வைக்கிற சின்ன ஈரப்பதமானி அதைக் காட்டிவிடும். அது இல்லாவிட்டாலும் பேரலின் உலோக வளையங்களைத் திருகிப் பாருங்கள், கையோடு சுற்றினால் மரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது.

இனி எண்ணெய்க்கு வருகிறேன். அடியோடு வேண்டாம் என்கிற நல்ல கைவினைஞர்களும் உண்டு, நான் அந்த அளவுக்குப் போகமாட்டேன். துளையின் உள்பக்கம் பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்த மாதிரி தெரிந்தால் போடலாம், வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவைக்கு மேல் பெரும்பாலும் தேவைப்படாது. வாசித்த உடனே போட்டால் ஈரம் உள்ளேயே அடைபட்டுவிடும், ஓர் இரவாவது காயவிட்டு, எண்ணெய்க்கென்றே ஒதுக்கிய துணியில் நாலைந்து சொட்டு விட்டு, ஒரு மெல்லிய பூச்சாக இழுத்துவிட்டு, மறுநாள் மிச்சத்தைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். துளை எண்ணெய் என்றே விற்கிறார்கள், அதுதான் வேண்டும். சமையல் எண்ணெய் நாளாக நாளாகக் கெட்டு நாறிப் பிசினாகிவிடும், ஆளிவிதை எண்ணெய் காய்ந்து கெட்டித் தோலாகப் படிந்து துளையின் அளவையே மாற்றிவிடும். கீகளின் தண்டுக்கு விடுகிற எண்ணெய் வேறு, அதைத் துளைக்குள் விடக் கூடாது.

வாராவாரம் போட்டால் என்ன ஆகிறது என்றால், எண்ணெய் முதலில் போய்ச் சேர்வது பேடுகளுக்கு, அதாவது கீகளின் அடியில் துளைகளை மூடுகிற குட்டி மெத்தைகளுக்கு. ஒரு பேடைப் பிரித்துப் பார்த்தால் அட்டை, அதன் மேல் கம்பளித் துணி, அதைச் சுற்றி வெங்காயத் தோலைவிட மெல்லிய சவ்வு. விரல் துளைகளின் ஓரம் வழியாக வழிகிற எண்ணெய் அந்தச் சவ்வை நனைத்துக் கம்பளிக்குள் இறங்கினால் பேட் உப்பி, துளை விளிம்பில் உட்காராமல் காற்றை விடும், இல்லாவிட்டால் ஒட்டிக்கொண்டு சரியான நேரத்துக்குத் திறக்காது. எண்ணெய் குடித்த பேடைச் சரிசெய்ய வழியில்லை, மாற்றத்தான் வேண்டும். எண்ணெய் போடுகிற நாளில் கீகளைக் கழற்றத் தெரியாதவர்கள் ஒவ்வொரு பேடுக்கு அடியிலும் ஒரு துண்டு பிளாஸ்டிக் தாளைச் செருகி வைத்தாவது போடுங்கள்.

குறிப்பைப் படித்து ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள், துளையை உலர்ந்த துணியால் எண்ணெய் ஒட்டாத வரைக்கும் துடையுங்கள், பேடுகளுக்கு அடியில் மெல்லிய தாளை வைத்து லேசாக அழுத்தி, விட்டுவிட்டு எடுங்கள், அழுத்தியபடி இழுத்தால் சவ்வு கிழியும். பவுடர் போட வேண்டாம்.

கடைசியாக ஒன்று, திருத்தத்தில் இதை அவசியம் சேருங்கள். விரிசல் கண்ணில் பட்டால் அதன்மேல் எண்ணெய் விடக் கூடாது. வாசிப்பதை நிறுத்தி, விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுவிட்டு உடனே பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். சின்ன விரிசலை நீர்த்த சூப்பர் க்ளூவும் மரத்தூளும் கொண்டு அடைத்துவிட முடியும், வெளியில் தெரியக்கூடத் தெரியாது. எண்ணெய் இறங்கிய விரிசலில் அந்தப் பசை பிடிக்காது, மரத்தைக் குறுக்கே துளைத்து உலோக ஊசி திருகவோ கார்பன் நார்ப் பட்டை கட்டவோ வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
கிளாரினெட் பழுதுபார்க்கும் ஒரு வாசகர்