பள்ளிச் செய்திகள் பெற்றோருக்கு நேரத்தில் கிடைக்க ஏற்பாடு செய்யக் கோரி மனு

அனுப்புநர்
பெற்றோர்கள் மற்றும் பள்ளி மேலாண்மைக் குழுவின் பெற்றோர் உறுப்பினர்கள்,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி,
விருதுநகர் மாவட்டம்.
(ஊர், பள்ளி விவரமும் கையெழுத்துகளும் தனித்தாளில் உள்ளன. ஆசிரியர்கள் மீது புகார் சொல்லும் மனு இது அல்ல என்பதால் இங்கே எழுதவில்லை.)

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
விருதுநகர்.

பொருள்: தொடக்கப் பள்ளி அறிவிப்புகளை வாட்ஸ்அப்பில் மட்டும் போடாமல், தாளிலும் ஒலிபெருக்கியிலும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர்ப் பள்ளியில் ஆசிரியர்கள் இரண்டு பேர், பிள்ளைகள் சுமார் நாற்பது பேர். பெரும்பாலான பிள்ளைகளின் அம்மாக்கள் பட்டாசு ஆலைக்குப் போகிறவர்கள். இதை எழுதும் நானும் அப்படித்தான். மகள் மூன்றாம் வகுப்பு, மகன் ஒன்றாம் வகுப்பு. ஆலை வேன் காலை ஆறரைக்கு வந்து நிற்கும். ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. வெடிமருந்து புழங்குகிற இடம், அந்த விதி சரிதான், அதை மாற்றச் சொல்லி நாங்கள் வரவில்லை. ஆனால் பள்ளி எல்லாச் செய்தியையும் வாட்ஸ்அப் குழுவில்தான் போடுகிறது. காலை பத்து மணிக்குப் போட்டதை நாங்கள் பார்ப்பது சாயங்காலம் ஆறு மணிக்கு மேல். அதற்குள் அதன் மேல் பத்துப் பதினைந்து காலை வணக்கப் படங்கள் ஏறியிருக்கும்.

பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது பாட்டிமார். அவர்களிடம் இருப்பது பட்டன் போன். சில வீடுகளில் பள்ளியில் கொடுத்த நம்பர் திருப்பூரில் வேலை பார்க்கும் அப்பாவுடையது. அவர் அங்கிருந்தே கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிடுவார். டீச்சரும் செய்தி சேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார். இங்கே பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது.

போன மழைக்காலத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்டில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்ததிலிருந்து, எங்கள் தெருவில் பல வீடுகளில் பிள்ளைகளுக்கென்று காலையில் சமைப்பதில்லை. எங்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லி முடியாது. அந்த மழைக்காலத்தில் ஒரு நாள் மழை என்று லீவு விட்டார்கள். ஏழு மணிக்கு மேல் குழுவில் செய்தி வந்தது. நாங்கள் அப்போது வேனில் போய்ச் சேர்ந்துவிட்டோம். பாட்டிகள் குடையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போனால் கேட் பூட்டியிருக்கிறது. என் மகன் பத்தரை மணிக்குப் பெட்டிக்கடை பன் ஒன்றைத் தின்றிருக்கிறான். மழையை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, ஒத்துக்கொள்கிறோம். லீவு முடிவானதும் ஊருக்குள் ஒரு குரல் கேட்டிருந்தால் போதும்.

ஐந்து வயதானால் ஆதாரில் கைரேகை, கருவிழிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் பள்ளியிலேயே முகாம் வைத்தார்கள், நல்ல ஏற்பாடு. அன்று காலைதான் செய்தி போட்டார்கள். பெற்றோர் கூட வர வேண்டும் என்பதை நான் இரவில் படித்தேன். அப்புறம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு டவுனுக்குப் போய் வந்தேன். பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களில் கொடுக்கும் குடற்புழு மாத்திரையும் இப்படித்தான். அன்று பள்ளிக்கு வராத பிள்ளைக்கு ஒரு வாரத்துக்குள் இன்னொரு நாள் கொடுக்கிறார்கள் என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. குழந்தைகள் தின மாறுவேடப் போட்டியைக்கூட விட்டுவிடலாம். முந்தின இரவு எட்டரை மணிக்கு முண்டாசுக்குத் துணி தேடி, கண்மையால் மீசை வரைந்து ஒரு பாரதியாரை அனுப்பிவைத்தோம்.

விட முடியாதது ஒன்று உண்டு. அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் சம்பாதிக்கிற தாயோ தந்தையோ விபத்தில் இறந்தாலோ, நிரந்தரமாக முடங்கினாலோ, பிள்ளையின் பெயரில் அரசு 75,000 ரூபாய் வைப்புத்தொகை போடுகிறது. வெடிமருந்தோடு வேலை பார்க்கும் ஊர் எங்களுடையது. இந்த விவரம் எனக்குத் தெரிய வந்தது ஒரு துக்க வீட்டில், அதுவும் பக்கத்து ஊர்க்காரர் சொல்லி. பள்ளிச் சுவரில் இது எழுதியிருக்க வேண்டாமா?

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். அந்தக் குழுவில் இதைப் பேசலாமே என்று கேட்பீர்கள். பேசினோம், தீர்மான நோட்டிலும் எழுதியிருக்கிறது. ஆனால் அந்தக் கூட்டம் நடப்பது வெள்ளிக்கிழமை பிற்பகலில். அதற்கான அழைப்பும் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது.

நாங்கள் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் அடுத்த வாரச் செய்திகளை அரைத்தாளில் எழுதி, பிள்ளைகளின் பையில் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரு தாளில் இரண்டு வீதம் நாற்பது பிள்ளைகளுக்கு இருபது நகல், நகலுக்கு 2 ரூபாய் என்றால் வாரம் 40 ரூபாய். பள்ளி மானியத்தில் இதற்கு இடமிருக்கும். பாட்டிகள் எல்லோருக்கும் வாசிக்கத் தெரியாது, ஆனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை வாசித்துக் காட்டும். பிள்ளைக்கும் அது ஒரு வாசிப்புப் பாடம்தான்.

திடீர் லீவுக்கு ஊராட்சி ஒலிபெருக்கி வேண்டும். 2022 ஆகஸ்டில், தண்டோரா போட வேண்டாம், ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் அறிவியுங்கள் என்று தலைமைச் செயலாளர் ஆட்சியர்களுக்கு எழுதினார். ஒரு மனிதரைப் பறையடித்துக்கொண்டு தெருத்தெருவாக நடக்க வைத்தது நின்றது நல்லது. ஆனால் எங்கள் ஊரில் அந்த ஒலிபெருக்கி வரி கட்டச் சொல்ல மட்டும்தான் வருகிறது. மழை லீவு என்றால், முடிந்தால் ஆறரைக்கு முன், வேன் நிற்கும் இடத்தில் ஒரு முறை சொல்லிவிட்டுப் போகட்டும். லீவு அறிவிப்பைத் தாங்கள் முந்தின இரவே வெளியிட முடிந்தால் இன்னும் நல்லது. பட்டன் போன் வைத்திருக்கும் பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்குக் குறுஞ்செய்தி பயன்படாது, ஒரு அழைப்பு வேண்டும். பள்ளியில் உள்ள நம்பர்களையும் ஒரு முறை சரிபார்க்கச் சொல்லுங்கள். ரேஷன் கடைச் சுவரில் ஒரு பலகை வைத்து, உதவித்தொகை, விபத்து நிதி விவரங்களை எழுதிப்போடவும் உத்தரவிட வேண்டுகிறோம்.

அக்டோபர் மழைக்கு முன் இவற்றைச் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பெற்றோர்கள்

குறிப்பு: விசாரணைக்கு எங்களை அழைப்பதானால் மாலை ஆறரைக்கு மேல் அழைக்கவும். பகலில் போன் எங்களிடம் இருக்காது.