வோல் எலியும் உன் சிவப்பு மிதிவண்டியும்

அன்புள்ள கயல்விழிக்கு,

அம்மா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். சென்ற ஞாயிறன்று, ஷில்லாங்கில் போலீஸ் பஜாரிலிருந்து லைத்தும்க்ராவில் உள்ள உன் அறைக்குத் திரும்பும்போது வழி தவறி, ஒரு மணி நேரம் மேடும் இறக்கமுமாக அலைந்த கதையைத் தொலைபேசியில் சொல்லிச் சிரித்தாய். கூடவே, "பொம்பளை மூளைக்குத் திசை வராதும்மா, எல்லாம் ஹார்மோன்னு நீங்கதானே வகுப்புல சொன்னீங்க" என்றாய். அந்தப் பேச்சு என் மனத்தை விட்டு அகலவில்லை. 31 ஆண்டுகள் விலங்கியல் நடத்திய நான் அப்படிச் சொல்லிக் கொடுத்தது உண்மை. அதில் பாதியைச் சொல்லாமல் விட்டதும் உண்மை.

விட்ட பாதியை, எலி போன்ற சிறு விலங்கான வோலிலிருந்து தொடங்குகிறேன். வட அமெரிக்காவின் புல்வெளி வோலில், இனப்பெருக்கக் காலம் வந்ததும் ஆண் பல பெட்டைகளைத் தேடிப் பெரும்பரப்பில் அலையும். பைன் வோலோ ஒரே இணையோடு ஓரிடத்தில் குடும்பம் நடத்தும். 1986இல் காலின், ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற இருவர் இவற்றைப் புதிர்ப்பாதைகளில் விட்டுச் சோதித்தபோது, புல்வெளி வோலில் ஆண் முந்தியது. பைன் வோலில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடே தென்படவில்லை. 1990இல், இடத்தை நினைவில் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியை அளந்து பார்த்தபோதும் அதே கணக்குத்தான். டெஸ்டோஸ்டீரோன் என்ற ஆண் ஹார்மோன் இரண்டு இனத்து ஆணிடமும் சுரக்கிறது. ஆனால் அலையும் வாழ்க்கை உள்ள இனத்தில்தான் ஆணின் மூளை வேறுபட்டது. இதைவிட அழகான சான்று பழுப்புத் தலை கௌபேர்ட் என்ற பறவை. பின்கட்டு வேம்பிலிருந்து கூவும் நம் குயிலைப் போல, அதன் பெட்டையும் அடுத்தவர் கூட்டில் முட்டையிடும். எந்தக் கூடு எங்கே இருக்கிறது, எப்போது போய் இடலாம் என்பதையெல்லாம் நினைவில் வைத்திருக்க வேண்டியவள் அவள்தான். 1993இல் அளந்தார்கள்: ஹிப்போகாம்பஸ் ஆணைவிடப் பெட்டைக்கே பெரிது.

ஒட்டுறவும் இப்படி ஒரே சொல்லில் அடங்குவதில்லை. பிரெய்ரி வோல் என்ற இன்னொரு இனம் தன் இணையை விட்டுப் பிரியாமல் வாழ்வதற்கு ஆக்சிடோசின், வாசோபிரெசின் என்ற ஹார்மோன்கள் காரணம் என்று நான் பாடம் நடத்தினேன். 2004இல், வாசோபிரெசினை உணர்ந்துகொள்ளும் புரதமான ஏற்பி ஒன்றை ஊர்சுற்றியான புல்வெளி வோல் ஆணின் முன்மூளையில் கூடுதலாக உருவாகச் செய்தபோது, அதுவும் ஒரே துணையை நாடத் தொடங்கியது; இதை நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் கைதட்டுவார்கள். ஆனால் நான் ஓய்வு பெற்ற பிறகு, 2023இல், ஆக்சிடோசின் ஏற்பியே இல்லாமல் பிறக்கவைத்த பிரெய்ரி வோல்களும் வழக்கம்போல இணை சேர்ந்து வாழ்ந்தன என்று செய்தி வந்தது. அதைப் படித்த அன்று, என் பழைய குறிப்பேட்டில் 'அன்பு ஹார்மோன்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்ததை அடித்துவிட்டேன்.

மனிதர்களுக்கு வருகிறேன். ஓர் உருவத்தை மனத்துக்குள் திருப்பிப் பார்க்கும் சோதனைகளில் ஆண்களின் சராசரி சற்று உயர்ந்திருக்கிறது. இதை உன்னிடம் மறைக்க மாட்டேன். கருப்பையிலேயே படும் ஹார்மோன்களுக்கு அதில் பங்கு இருக்கலாம் என்று கருதுவோரும் உண்டு. ஆனால் சராசரி என்பது இரு கூட்டங்களைப் பற்றிய பேச்சு. அதைக் கொண்டு உன் தலைக்குள் இருப்பதைச் சொல்ல முடியாது. மூளை பழக்கத்தாலும் மாறும். லண்டனில் டாக்சி உரிமம் பெற, நகர மையத்திலுள்ள சேரிங் கிராஸைச் சுற்றி 6 மைலுக்குள் உள்ள சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும். அதற்குப் பயின்றவர்களை மூளை ஆய்வாளர் எலினார் மாகுவயரின் குழு சில ஆண்டுகள் பின்தொடர்ந்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், தேறியவர்களுக்கு ஹிப்போகாம்பஸின் பின்பகுதி வளர்ந்திருந்தது, தேறாதவர்களுக்கு வளரவில்லை.

நீ இருக்கும் மலையையே கேள். அதே 2011இல், 1,200க்கும் மேற்பட்ட காசி, கார்பி என்ற இரு பழங்குடிகளின் கிராமத்தாரிடம் நான்கு துண்டுகளைச் சேர்த்து முடிக்கும் ஒரு புதிரைக் கொடுத்து நேரம் குறித்தார்கள். தந்தைவழிச் சமூகமான கார்பியில் பெண்களுக்குக் கூடுதல் நேரம் பிடித்தது. கடைசி மகளுக்கு வீடும் நிலமும் சேரும் காசியில் அந்த இடைவெளி காணப்படவில்லை. இரு சமூகங்களுக்கும் இடையே சொத்துரிமை தவிர வேறு வேறுபாடுகளும் உண்டு என்பதால், இதை முடிந்த முடிவாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் படித்ததும் உன் சிவப்பு மிதிவண்டிதான் நினைவுக்கு வந்தது.

உனக்கு நினைவிருக்கும். நீ வயதுக்கு வந்த மாதத்தில் அந்த வண்டியின் சாவியை எடுத்து, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தவள் நான். உன் உடலில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் தன் வேலையைத் தொடங்கிய கையோடு நானும் என் வேலையைத் தொடங்கிவிட்டேன். அதன் பிறகு ரேஷன் கடைக்கும் மாவு மில்லுக்கும் ரயில்வே கேட்டைத் தாண்டி அத்தை வீட்டுக்கும் உன் அண்ணனே போனான். கேட் மூடியிருந்தால் வாய்க்கால் கரை வழியாகச் சுற்றி வரக் கற்றுக்கொண்டான். நீ பள்ளிப் பேருந்தின் ஜன்னலோரம் ஐந்து ஆண்டுகள் ஒரே சாலையில் போய் வந்தாய். அவனுக்கு ஊர் அத்துப்படி, உனக்குத் தெருமுனை தாண்டினால் தெரியாது என்று உறவினர் கேலி செய்தபோது, விலங்கியல் ஆசிரியையான நானும் சேர்ந்து சிரித்தேன்.

அடுத்த மாதம் கவுகாத்தியில் இறங்கி, ஷேர் சுமோவில் ஷில்லாங் வருகிறேன். போலீஸ் பஜாரில் வந்து என்னை அழைத்துக்கொள். அங்கிருந்து உன் அறைவரை நடந்தே போவோம்; கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிடு. எந்த முனையில் திரும்புவது என்று நீயே சொல். வழி தவறினாலும் நான் குறுக்கே பேச மாட்டேன். முழங்கால் வலிக்குத் தைலம் எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
அம்மா