தார் முடியும் இடத்தில் மண்ணையும் மட்டமாக்குங்கள்

யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதி வீதிகளுக்குப் பொறுப்பாக இருக்கும் ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் வணக்கம்.

போன மாதம் உரும்பிராய்ப் பக்கம் காபெட் வீதியின் ஓரத்தில் விழுந்து காறை எலும்பு முறிந்த தோட்டக்காரரைப் பற்றி உங்களுக்கு முறைப்பாடு வந்திருக்கும். எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அவர் எங்களோடு ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளோட வருகிறவர், எங்கள் எல்லாரிலும் மூத்தவர், நாங்கள் அண்ணர் என்று கூப்பிடுகிறவர். அன்று அவர் ஓட்டத்துக்கு வரவில்லை. விடியப்புறம் வெட்டிய முந்திரிகை (திராட்சை) குலைகளைப் பிளாஸ்ரிக் கூடையில் அடுக்கி, கரியரில் கட்டிக்கொண்டு மருதனார்மடம் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தார். பின்னால் வந்த பஸ் கோர்ண் அடித்தது. ஒதுங்கினார். முன் சில்லு தாரை விட்டு மண்ணில் இறங்கியது. திரும்ப ஏற முயன்றபோது விழுந்தார், அதுவும் வீதிப் பக்கமாக. பஸ் கடந்து போய்விட்டதாலும் பின்னால் வேறு வாகனம் வராததாலும் இன்றைக்கு இருக்கிறார்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். தார் முடியும் இடத்தில், ஒரு சைக்கிள் போகிற அகலத்துக்கு, மண்ணைத் தாரின் மட்டத்துக்கு உயர்த்தி இறுக்கித் தாருங்கள்.

விழுந்த இடத்தைப் போய்ப் பார்த்தோம். வீதி அருமையான வீதி. கறுத்து, வழுவழுவென்று, நடுக்கோடும் ஓரக்கோடும் போட்டு இருக்கிறது. ஆனால் பழைய தாரின் மேல் புதிய தாரைப் போட்டபோது வீதி உயர்ந்தது, பக்கத்து மண் உயரவில்லை. ஒரு மாரி மழையில் அந்த மண்ணும் அரித்துப் போய்விட்டது. விளிம்பில் கையை வைத்துப் பார்த்தேன். நாலு விரற்கடை உயரம், கத்தியால் வெட்டினதுபோல நேர் செங்குத்து. விளிம்புக்குக் கீழே சல்லிக்கல் வெளியே தெரிந்தது. அந்தக் கற்களுக்கிடையில் ஐந்தாறு முந்திரிகைப் பழங்கள் நசுங்கிக் காய்ந்து கிடந்தன.

மோட்டார் வாகனத்தில் மட்டும் போகிறவர்களுக்கு இந்த நாலு விரற்கடை ஒரு பொருட்டாகத் தெரியாது என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். சைக்கிளை வலப்பக்கம் திருப்ப வேண்டுமானால் முதலில் அது இம்மியளவு இடப்பக்கம் திரும்பி, உடம்பு வலப்பக்கம் சாய வேண்டும். சைக்கிளோட்டுகிற யாரும் இதை யோசித்துச் செய்வதில்லை, உடம்பு தானாகச் செய்துகொள்ளும். ஓரத்து மண்ணில் இறங்கியவர் தாருக்குத் திரும்ப ஏறப் பார்க்கும்போது, சில்லு அந்த விளிம்பை உரசிக்கொண்டே ஓடுகிறது. சரிவாக வரும் ரயருக்கு அந்தச் சுவரில் ஏற முடியாது. உடம்பு வீதிப் பக்கம் சாய்ந்துவிட்டது, சில்லு மட்டும் விளிம்போடு மாட்டிக்கொண்டு நேரே போகிறது. விழுவதைத் தவிர வேறு வழியில்லை. விழுவதும் எப்போதும் வீதிக்குள்ளேதான். கரியரில் பாரம் இருந்தால் இன்னும் கெதியாக விழும். இது ஓட்டத் தெரியாதவனுக்கு வருகிற விபத்து இல்லை. அண்ணர் சைக்கிளோடு வாழ்ந்த மனிதர்.

இந்த விளிம்பில் யார் யார் போகிறார்கள் என்று ஒருநாள் விடிய வந்து நின்று பாருங்கள். ரியூசனுக்குப் போகிற பிள்ளைகள், பின்னுக்குப் புத்தகப் பையும் முன்னுக்குத் தங்கச்சியுமாக. மரக்கறி கொண்டு போகிறவர்கள். கள்ளுக் கானை இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டு தவறணைக்குப் போகிற சீவல் தொழிலாளர்கள். அவர்களுக்கு விடியலிலும் வேலை, பொழுதுபடும் நேரத்திலும் வேலை, விளிம்பு கண்ணுக்குத் தெரியாத நேரம் இரண்டுமே. கோயிலுக்குப் போகிற வயதானவர்கள். வைகாசியில் இருந்து சோழகம் பிடித்து அடிக்கும் நாட்களில் திறந்த வெளியில் சைக்கிளை நேராகப் பிடிப்பதே பாடு. அப்போது ஓரமாகப் போ என்று கோர்ண் அடித்தால் எங்கே போவது?

அப்புறம் எங்களைப் போல ஓட்டத்துக்காகவே ஓடுகிறவர்கள். எங்களை நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும் என்று கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. நாங்கள் ஓடுகிற பாதை இந்த நாட்டில் வேறெங்கும் கிடையாது. நல்லூரில் தொடங்கினால் பருத்தித்துறை வீதியிலேயே மந்திரிமனை, சங்கிலியன் தோப்பு வாசல், உள்ளே யமுனா ஏரி. அங்கிருந்து கோப்பாய், நீர்வேலி. செம்மண்ணில் வாழை, புகையிலை, இடையிடையே முந்திரிகைப் பந்தல்கள். தூண் நட்டுக் கம்பி இழுத்து, தலைக்கு மேலே கொடி படர்ந்து, குலைகள் கீழ்நோக்கித் தொங்கும். கொடியை வெட்டிவிட்டு மூன்று மாதத்துக்கு மேல் காத்திருந்து, குருவிக்கும் வௌவாலுக்கும் வலை கட்டி, கடைசி நேரம் மழை வந்து பழம் வெடித்துவிடக் கூடாதே என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பயிர் அது. ஒரு குலுக்கலில் நசுங்கிவிடும். அதைத்தான் அண்ணர் அந்த விளிம்பு வழியே கொண்டு போனார்.

இராச வீதியால் போனால் நிலாவரைக் கிணறு. மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர். இராமர் அம்பெய்து உண்டாக்கியது என்று ஊரில் சொல்வார்கள். நிலம் முழுக்கச் சுண்ணாம்புக்கல், வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது, கீழே தேங்கும் நல்ல தண்ணீரில்தான் இந்தத் தோட்டங்கள் எல்லாம் நிற்கின்றன. நிலாவரையடியில் நின்று பார்க்கிற எவருக்கும் அது விளங்கும். பிறகு அச்சுவேலி, அங்கிருந்து மேற்கே வசாவிளான் பக்கம் தோலகட்டி ஆச்சிரமம். 1928இல் தொடங்கிய செபமாலைத் தாசர் என்ற கத்தோலிக்கத் துறவிகள் சபையின் இடம். அவர்களுடைய நெல்லி ரசத்தையும் முந்திரிகை வைனையும் தெரியாத யாழ்ப்பாணத்து வீடு குறைவு. பிறகு தெல்லிப்பழை, மாவிட்டபுரம், கீரிமலை. கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர்க் கேணி. கால் கடுக்க ஓடி வந்தவன் அதில் இறங்கினால் ஏற மனம் வராது. திரும்பும்போது சுன்னாகத்தில் விலகினால் கந்தரோடை. 1917 அளவில் வரலாற்றாய்வாளர் போல் ஈ. பீரிஸ் ஆராய்ந்து எழுதிய சின்னச் சின்னக் கல் தூபிகள், பனைகளுக்கு நடுவே. எல்லாம் சேர்த்தும் அறுபது கிலோமீற்றருக்குள்தான், ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

பிரான்சில் இருக்கிற எங்கள் உறவுகள் விடுமுறைக்கு வரும்போது இந்தப் பாதையில் ஓட ஆசையாகக் கேட்கிறார்கள். அங்கே லுவார் ஆற்றோரமாக முந்திரிகைத் தோட்டங்களையும் பழைய கோட்டை மாளிகைகளையும் தொட்டுக்கொண்டு ஏறத்தாழ 900 கிலோமீற்றருக்குச் சைக்கிள் பாதை இருக்கிறது. பேர்கண்டியில் போன் (Beaune) என்ற நகரத்தில் இருந்து கொடிகளுக்கு நடுவே தோட்டப் பாதையிலேயே சைக்கிளில் போகலாம். ஊருக்கு வெளியே சைக்கிளை முந்துகிற வாகனம் ஒன்றரை மீற்றர் விலகிப் போக வேண்டும், ஊருக்குள் ஒரு மீற்றர் என்று அங்கே சட்டம். நான் 900 கிலோமீற்றர் கேட்கவில்லை. தனிப் பாதையும் கேட்கவில்லை. ஆனால் அங்கிருந்து வந்த ஒரு மருமகனை இந்த வீதியில் கூட்டிக்கொண்டு போகும்போது, எனக்குக் கோயிலும் குளமும் தெரியவில்லை, அவனுடைய முன் சில்லுக்கும் அந்த விளிம்புக்கும் இடையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது மட்டும்தான் தெரிந்தது. இது எங்கள் ஊரைக் காட்டுகிற முறையா?

இதையும் சொல்லத்தான் வேண்டும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாமல் போனபோது இந்தக் குடாநாட்டைச் சுமந்தது சைக்கிள். விறகு, நெல்லு, நோயாளி, இடம்பெயர்ந்த வீட்டின் முழுச் சாமான், எல்லாம் கரியரில்தான் போனது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது திரும்பவும் எல்லாரும் சைக்கிளைத்தான் துடைத்து எடுத்தோம். உத்தியோகத்தர்களும் சைக்கிளில் கந்தோருக்குப் போனார்கள். அந்த நாட்களில் சைக்கிளை எல்லாரும் புகழ்ந்தார்கள். பெற்றோல் வந்த பிறகு போட்ட வீதிகளில் சைக்கிளுக்கு ஒரு முழம் இடம் வைக்க யாருக்கும் நினைவு வரவில்லை. வீதி அகலிக்கும்போது அகலித்ததெல்லாம் வேகத்துக்கு. வேலியைப் பின்னுக்குத் தள்ளி அடைத்தோம், நிழல் தந்த மரங்களைத் தறிக்க விட்டோம், ஊருக்கு நல்லது என்று வாய் திறக்கவில்லை. அந்த வீதியில் எங்கள் பிள்ளைகளுக்குப் பயமில்லாமல் போக இடமில்லை என்றால், எங்களிடம் எதைக் கேட்டு வாங்கினீர்கள்?

கோபத்தில் எழுதிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். கோபம் இருக்கிறதுதான். முறைப்பாட்டைக் கொடுக்கப் போன இடத்தில், வீதியோர மண் நிரப்புவது ஒப்பந்தத்தில் வராது என்று சொன்னார்கள். ஒப்பந்தத்தை எழுதியவர்கள் யார்? அடுத்த ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்க யார் தடுக்கிறார்கள்? சொன்னவர் மரியாதையாகத்தான் சொன்னார், தேத்தண்ணியும் தந்தார். ஆனால் கையைத் துணியால் கழுத்தில் தொங்கக் கட்டிக்கொண்டு பக்கத்தில் இருந்த அண்ணரை அவர் ஒரு தரமாவது நிமிர்ந்து பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

சரி, செய்யக்கூடியதைச் சொல்கிறேன். ஏற்கனவே போட்ட வீதிகளுக்குக் கிறவல் (சரளை மண்) போதும். தாரின் மட்டத்துக்குக் கொட்டி, தண்ணீர் தெளித்து, உருளையால் இறுக்க வேண்டும். கொட்டிவிட்டு மட்டும் போனால் முதல் மழையோடு போய்விடும், ஆகவே இறுக்குவது முக்கியம். மாரி முடிந்ததும் ஒருமுறை பார்த்து, அரித்துப் போன இடங்களை நிரப்ப வேண்டும். மதகுகளின் அருகே பள்ளம் கூட, அங்கே முதலில் செய்யுங்கள். இனிப் போடப் போகிற வீதிகளுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. தார் போடும் இயந்திரத்தில் ஒரு சின்ன உறுப்பைப் பொருத்தினால், விளிம்பு செங்குத்தாக முடியாமல் ஏறத்தாழ 30 பாகைச் சரிவாக அழுத்தப்பட்டு முடியும். அமெரிக்காவில் கிராமத்து வீதிகளில் இதைச் செய்கிறார்கள். மண் அரித்துப் போனாலும் சில்லு அந்தச் சரிவில் ஏறிவிடும். உங்கள் பொறியியலாளர்களுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், தோட்டங்களில் இருந்து சந்தைக்குப் போகிற வீதிகளிலும் பள்ளிக்கூடங்களுக்கு முன்னாலும் தொடங்குங்கள். எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் கடைசியாக இருந்தாலும் பரவாயில்லை. விளிம்பு ஆபத்தாக இருக்கும் இடங்களை ஊர் ஊராகக் குறித்து, படமும் அளவும் சேர்த்து ஒரு கோப்பாக வைத்திருக்கிறோம். ஒரு நாளும் நேரமும் சொன்னால் கொண்டு வருகிறோம். உங்களில் ஒருவர் எங்களோடு சைக்கிளில் வந்து பார்க்க விரும்பினால், நல்ல சைக்கிள் ஒன்றும் ஒழுங்கு செய்து தருவோம்.

அடுத்த மாரிக்கு முன்னர், தயவுசெய்து, தார் முடியும் இடத்தில் மண்ணை மட்டமாக்கி இறுக்கித் தாருங்கள். எந்த வீதி, எப்போது தொடங்கும் என்று எழுத்தில் ஒரு பதிலும் தாருங்கள்.

இப்படிக்கு,
வலிகாமத்தில் சைக்கிளோட்டுகிறவர்கள் சார்பில்