சாட்சிக் கையெழுத்து

அன்புள்ள செல்வராஜ்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. உன் மகள் நிலா பெங்களூரில் ஒரு பெண்ணைத் துணையாகக் கொண்டு வாழ்கிறாள் என்பதை என்னிடம்கூடச் சொல்லாமல் இரண்டு வருடம் மனதுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாய். எனக்கு வருத்தம் அதில்தான். அவளுக்கு டைபாய்டு வந்தபோது ராத்திரி பகலாகப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டது அந்தப் பெண்தான் என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்புறம் என்ன?

தங்கச்சி, உன் மனைவியைத்தான் சொல்கிறேன், நிலாவை யாரோ ஒரு டாக்டரிடம் கூட்டிப்போய்ச் ‘சரி பண்ண’ நினைக்கிறாள் என்றாயே, அது மட்டும் வேண்டாம். இது நோய் இல்லை. மதுரையிலிருந்து வீட்டை விட்டுச் சென்னைக்குப் போன இரண்டு பெண்களின் வழக்கில், இப்படி மாற்றப் பார்க்கும் சிகிச்சைகளையே 2021இல் உயர் நீதிமன்றம் தடை செய்துவிட்டது. அந்த வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இது முழுதாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அவ்வளவு பெரிய நாற்காலியில் இருப்பவர் அப்படிச் செய்தார். பெற்ற பிள்ளையிடம் உட்கார்ந்து கேட்க நமக்கு என்ன தயக்கம்?

“சேர்ந்து இருந்துவிட்டுப் போகட்டும், இதற்கெல்லாம் எதற்குக் கல்யாணம், சட்டம்?” என்று கேட்டிருந்தாய். முப்பது வருடமாகப் பத்திரம் எழுதுகிறவன் சொல்கிறேன், கேள்.

ஏழெட்டு வருடம் முன்னால் அண்ணன் தம்பி மூன்று பேர் ஒரு வீட்டை விற்க என்னிடம் வந்தார்கள். இறந்துபோன மூத்தவருடைய வீடு. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாரிசுச் சான்றிதழ் சரியாக இருந்தது, நானும் கிரயம் எழுதினேன். பதிவு முடிந்த பிறகுதான் தெரிந்தது, அந்த வீட்டில் இருபது வருடமாக அவரோடு இன்னொருவர் வாழ்ந்திருக்கிறார் என்று. கடையும் இருவரும் சேர்ந்து நடத்தியதுதான். கடைசி மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் மலம் மூத்திரம் எடுத்தவர் அவர். ஆனால் காகிதத்தில் அவர் பெயர் எங்குமே இல்லை. இரண்டு பையோடு பஸ் ஏறினார். அந்தப் பத்திரத்தில் இருப்பது என் கையெழுத்து, செல்வராஜ். இன்றைக்கும் உறுத்துகிறது.

புருஷன் பெண்டாட்டிக்குச் செட்டில்மென்ட், அதாவது பணம் வாங்காமல் சொத்தை எழுதிக்கொடுக்கும் பத்திரம், எழுதினால் முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 1, அதற்கும் உச்சவரம்பு உண்டு. வெளியாளுக்கு எழுதினால் நூற்றுக்கு 7. நிலாவின் சிநேகிதி சட்டத்தின் கண்ணில் வெளியாள். கல்யாணம் என்பது மேளமும் சாப்பாடும் மட்டும் இல்லை.

2018இல் உச்ச நீதிமன்றம் ஒரே பாலினத்தவர் உறவு குற்றமில்லை என்றது. 2023 அக்டோபரில் கல்யாண உரிமை வழக்கில் ஐந்து நீதிபதிகளுமே திருமணம் அடிப்படை உரிமை இல்லை, சட்டம் செய்வது நாடாளுமன்றத்தின் வேலை என்று சொல்லிவிட்டார்கள். கல்யாணம் என்ற பெயர் இல்லாமல் ஒரு அங்கீகாரமாவது கொடுக்கலாம் என்றவர்கள் சந்திரசூட், கவுல் இரண்டு பேர். மற்ற மூவர் அதையும் மறுத்தார்கள். சீராய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாகிவிட்டன. நம் உயர் நீதிமன்றம்தான் கொஞ்சம் ஆறுதல். குடும்பம் அமைக்கக் கல்யாணம் ஒன்றே வழியில்லை என்று அதே வருடம் மே மாதம் ஒரு தீர்ப்பில் சொன்னார்கள். இப்படி வாழ்கிறவர்கள் தங்கள் உறவை ஒரு பத்திரமாக எழுதிப் பதிய வழி செய்யலாம் என்று ஆனந்த் வெங்கடேஷ் 2023லேயே யோசனை சொல்லியிருந்தார். அப்படி ஒரு பத்திரத்தை எழுத வேண்டும் என்று எனக்கு ஆசை. இதுவரை வாய்க்கவில்லை.

நம் கலாச்சாரத்துக்கு இது ஒத்துவருமா என்கிறாய். என் அப்பா அம்மா 1961இல் ஐயர் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்டவர்கள், உனக்குத் தெரியும். நம் ஊருக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தத்தில் பெரியார் 1928லேயே அப்படி ஒரு கல்யாணத்தை நடத்தியிருந்தும், அது சட்டப்படி செல்லாது என்று 1953இல் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியானால் 1963இல் பிறந்த நான் யார்? அண்ணா முதல்வரானதும் 1967இல் சட்டத்தைத் திருத்தி, அதற்கு முன்பு நடந்த கல்யாணங்களும் செல்லும் என்று எழுதினார். அந்த ஒரு வரி அச்சாகும்வரை என் அம்மாவை எங்கள் பெரியப்பா வீட்டில் எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று இந்தக் கடிதத்தில் எழுத எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் சொல்கிறேன், ‘சட்டம் எதற்கு’ என்று நீ கேட்காதே.

சரி, ஆக வேண்டியதைப் பார்ப்போம். இருவரும் வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கலாம், ஒருவர் மற்றவரை நாமினியாகப் போடலாம், தடையில்லை என்று மத்திய நிதி அமைச்சகம் 2024இல் சொல்லிவிட்டது. முதலில் அதைச் செய்யச் சொல். ஆனால் நாமினி வேறு, வாரிசு வேறு. சொல்லக் கூடாத வார்த்தைதான், இருந்தாலும் சொல்கிறேன். இன்றைய நிலையில் நிலாவுக்கு ஒன்று என்றால் அவள் வாங்கிய ஃபிளாட்டுக்கு வாரிசு நீயும் தங்கச்சியும்தான். அந்தப் பெண் இல்லை.

அதனால் பொங்கலுக்கு வரும்போது இருவரையும் கூட்டிக்கொண்டு வா. ஃபிளாட் பத்திர நகலும் ஆதாரும் எடுத்து வரச் சொல். உயிலை நானே எழுதித் தருகிறேன். சாட்சிக் கையெழுத்து இரண்டு வேண்டும். ஒன்றை என் மனைவி போடுவாள். இன்னொன்றை நீ போடு.

அன்புடன்,
இளங்கோ
அருப்புக்கோட்டை