வுண்டர்லிஷுக்கு ரெண்டு வரி பத்தாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல உலகப் புகழ் பெற்ற டெனர் (ஆண்கள்ல உச்சஸ்தாயிக் குரல்) பாடகர்களைப் பத்தி வந்த கட்டுரை நல்லா இருந்துச்சு, கரூசோ, பவரொட்டி பத்தியெல்லாம் விரிவாவே எழுதியிருந்தீங்க. ஆனா ஜெர்மனிக்காரர் ஃப்ரிட்ஸ் வுண்டர்லிஷுக்கு ரெண்டே வரி, அதுலயும் படியில விழுந்து சின்ன வயசுல செத்துப்போனார்ங்கிறது மட்டும்தான். அவரைப் பத்தி யார் எழுதினாலும் இதையே சொல்லி, உயிரோட இருந்திருந்தா இன்னும் என்னென்ன பாடியிருப்பாரோன்னு முடிச்சிடுறாங்க. அவர் பாடி வச்சதைப் பத்தி யாராவது பேசுங்களேன்னுதான் இந்தக் கடிதம்.

1930 செப்டம்பர் 26, கூசெல்ங்கிற சின்ன ஊர்ல பொறந்தவர். அப்பா செல்லோ வாசிப்பார், அம்மா வயலின். அப்பா போர்ல பலமா காயம்பட்டவர், நாஜிக்கள் நெருக்கடியில பொழைப்பும் போய், பையனுக்கு அஞ்சு வயசு இருக்கும்போதே தற்கொலை பண்ணிக்கிட்டார். அம்மா நாலு பேருக்கு இசை சொல்லிக்கொடுத்துத்தான் குடும்பத்தை ஓட்டினாங்க. பையன் அக்கார்டியன், ஹார்ன் (ஊதுற பித்தளை வாத்தியம்)னு கையில கிடைச்சதை வாசிச்சு டான்ஸ் பேண்டுகள்ல சம்பாதிச்சான், 1950ல ஃப்ரைபுர்க் இசைக் கல்லூரிக்குப் போனப்புறமும் அந்த வருமானத்துலதான் படிப்பே நடந்துச்சு. அங்க ஹார்னும் பாட்டும் சேர்த்துப் படிச்சார், பாட்டுக்கு மார்கரேட்டே ஃபான் விண்டர்ஃபெல்ட்தான் குரு. வுண்டர்லிஷோட மூச்சைப் பத்தி எல்லாரும் வியந்து பேசுவாங்க இல்லையா, அது ஹார்ன் ஊதி வந்த மூச்சுன்னுதான் நான் நம்புறேன்.

1955ல ஸ்டுட்கார்ட் ஓபராவுல (ஓபரான்னா பாட்டாலயே நடக்கிற நாடகம்) சேர்ந்தார். அடுத்த வருஷமே யோசெஃப் ட்ராக்சல் பாட வேண்டிய டாமினோ வேஷம், மோட்சார்ட்டோட 'மேஜிக் ஃப்ளூட்'ல, இவர் கைக்கு வந்துச்சு, அதோட ஊரே திரும்பிப் பார்த்துச்சு. அப்புறம் ஃப்ராங்க்ஃபர்ட், 1959ல சால்ஸ்பர்க், ம்யூனிக், வியன்னான்னு விறுவிறுன்னு போயிட்டார்.

அந்த டாமினோவை 1964ல கார்ல் பேம் நடத்தின ரெக்கார்டிங்ல கேளுங்க. பமீனாங்கிற பொண்ணோட படத்தைப் பார்த்து இளவரசன் டாமினோ பாடுற பாட்டு. எடுத்த எடுப்புலயே சுரம் ஒரு தாவு தாவி மேல போகும், நிறைய பேர் அந்த எடத்துல கொஞ்சம் முட்டிக்கிட்டு ஏறுறது காதுல விழும், இவர்கிட்ட அது தெரியவே தெரியாது. கடைசிக்குப் பக்கத்துல, அவ எதிர்ல வந்து நின்னா நான் என்ன செய்வேன்னு தன்னையே கேட்டுக்கிட்டு டாமினோ நிறுத்துவான், ஆர்கெஸ்ட்ராவும் நின்னுடும், முழுசா ஒரு தாளக்கட்டு மௌனம். அதுக்கப்புறம் பதில் சொல்ல ஆரம்பிக்கிறப்ப, அந்த நொடியிலதான் அவனுக்கே பதில் தோணின மாதிரி இருக்கும் வுண்டர்லிஷ் குரல்ல. எனக்கு எத்தனை தடவை கேட்டாலும் சிலிர்க்கும்.

லிஸ்ட் போடுறவங்க இவரை விடுறதுக்கு ஒரு காரணம் இருக்குன்னு நினைக்கிறேன். அந்தக் காலத்துல ஜெர்மன் ஓபரா அரங்குகள்ல இத்தாலி, ரஷ்ய ஓபராக்களையும் பெரும்பாலும் ஜெர்மன்லயே பாடுவாங்க, அதனால வெர்டியும் சாய்கோவ்ஸ்கியும் இவர் குரல்ல பெரும்பாலும் ஜெர்மன்லதான் கிடைக்குது. மொழி மாறிடுச்சுன்னு ஒதுக்காதீங்க, சாய்கோவ்ஸ்கியோட 'யூஜின் ஒனேகின்'ல சண்டைக்கு முன்னாடி லென்ஸ்கி பாடுற பாட்டை இவர் பாடிக் கேட்டா மொழி ஞாபகமே வராது.

ஓபராவோட நிக்காம பியானிஸ்ட் ஹூபர்ட் கீசென்கிட்ட உட்கார்ந்து ஷூபர்ட், ஷூமான் பாட்டுகளை சொல் சொல்லா உழைச்சிருக்கார். ஷூமானோட 'டிக்டர்லீபெ'ங்கிற பாட்டுத்தொகுப்பை 1965ல ரெக்கார்ட் பண்ணினது ஒண்ணு, 1966 செப்டம்பர் 4 எடின்பரோ மேடையில பாடினது ஒண்ணு, ரெண்டும் கிடைக்குது. நான் மேடைப் பாட்டைத்தான் முதல்ல வைப்பேன், அதுல இன்னும் துணிஞ்சு பாடுறார்.

மாலரோட 'தாஸ் லீட் ஃபான் டெர் எர்டெ' ('பூமியின் பாட்டு', ரெண்டு பாடகர்கள் ஆர்கெஸ்ட்ராவோட பாடுற பாட்டுத்தொகுப்பு) தனிக்கதை. கிளெம்பெரர் நடத்தினது, கிறிஸ்டா லுட்விக் கூட பாடினது, 1964ல ஆரம்பிச்சு 1966 ஜூலை வரைக்கும் இழுத்துச்சு. முதல் பாட்டு ஹார்ன்கள் முழக்கத்தோட ஆரம்பிக்கும், டெனர் அந்த மொத்த ஆர்கெஸ்ட்ராவுக்கு மேல நிக்கணும். வாழ்வும் இருட்டு, சாவும் இருட்டுங்கிற வரி மூணு தடவை வரும், ஒவ்வொரு தடவையும் அரை சுரம் மேல. பலர் மூணாவது தடவை களைச்சுடுவாங்க, இவர் குரல் அங்கயும் அப்படியே உருண்டையா நிக்கும்.

எடின்பரோ கச்சேரி முடிஞ்சு ரெண்டு வாரம்கூட ஆகல, நண்பர் ஒருத்தரோட வேட்டை விடுதியில படியிலேர்ந்து விழுந்தார், செப்டம்பர் 17 ஹைடல்பர்க்ல உயிர் போச்சு. 36வது பொறந்தநாளுக்கு ஒன்பது நாள் இருந்துச்சு. அக்டோபர்ல நியூயார்க் மெட்ரோபாலிட்டன்ல 'டான் ஜியோவானி' பாட வேண்டியவர். கராயன் நடத்தின ஹைடனோட 'கிரியேஷன்' ரெக்கார்டிங்ல இவர் பாடாம விட்டுப்போன பகுதிகளை வெர்னர் க்ரென் பாடி முடிச்சார், அதனாலதான் அந்த ஆல்பத்துல ரெண்டு டெனர் பேர் இருக்கும்.

மேடையில அவருக்குக் கிடைச்சது பதினோரு வருஷம்தான். அதுக்குள்ள இவ்வளவு. அடுத்த இதழ்கள்ல எதுலயாவது இவருக்குன்னே ஒரு முழுக் கட்டுரை போடுங்க சார், எழுதுறவர் சாவுலேர்ந்து ஆரம்பிக்காம டாமினோவுலேர்ந்து ஆரம்பிக்கட்டும்.

இப்படிக்கு,
உங்க வாசகர், திருச்சி